இணையக் கூட்டுப்பணிகளில் தொண்டர் உழைப்பைக் கணக்கிடுதல்

பலர் கூடிச் செய்யும் பணியில் ஒவ்வொருவரும் எவ்வளவு செய்தனர் என்பதைக் கணக்கிடுவது எக்காலத்திலும் எளிய காரியமாக இருந்ததில்லை. ஏரிக் கரையை உயர்த்தும் வேலையில் கூடை மண்ணை எண்ணிக் கூலி வழங்கலாம். ஆனால் கரை எந்த இடத்தில் பலவீனமாக இருக்கிறது என்று கண்டு சொன்னவருடைய உழைப்பு அந்தக் கூடைக் கணக்கில் சேர்வதில்லை. அவர் செய்த உதவியின் அளவு மழைக்காலம் வந்த பின்னரே ஊராருக்குத் தெரிய வரும்.

அறிவுத் துறையிலும் இவ்வாறே நிகழ்வதுண்டு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1879ஆம் ஆண்டில் அவ்வகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, நூல்களைப் படித்துச் சொற்களின் ஆட்சிக்கு மேற்கோள்களைத் திரட்டி அனுப்புமாறு பொதுமக்களை வேண்டினார். மக்கள் ஒவ்வொரு மேற்கோளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பினர். முதல் தொகுதி 1888ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது தாமஸ் ஆஸ்டின் என்பவர் மட்டும் 1,65,000 மேற்கோள்களை அனுப்பியிருந்தார். பிராட்மூர் மனநோய் மருத்துவ நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த டாக்டர் வில்லியம் மைனர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் அனுப்பியவை அதைவிட மிகக் குறைவு. ஆயினும் அவர் தாம் படித்த நூல்களுக்குச் சொற்குறிப்புப் பட்டியல்கள் தயாரித்து வைத்துக்கொண்டார். பதிப்பாசிரியர்கள் அவ்வப்போது எந்தச் சொல்லை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அச்சொல்லுக்கு வேண்டிய மேற்கோளையே அனுப்பி வந்தார். அவருடைய உதவியை மர்ரே மிக உயர்வாகப் போற்றினார். துண்டுத் தாள்களை மட்டும் எண்ணியிருந்தால் இவ்வேறுபாடு புலப்பட்டிராது.

இன்று இத்தகைய கூட்டுப் பணிகள் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. கலைக்களஞ்சியம் எழுதுதல், தேசப்படம் வரைதல், கணினிக்கு மென்பொருள் இயற்றுதல், பறவைகளையும் தாவரங்களையும் பதிவு செய்தல் ஆகியவற்றில் உலகெங்கும் லட்சக்கணக்கான தொண்டர்கள் ஈடுபட்டிருக்கின்றனர். நம் நாட்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் களத்தில் பணியாற்றும் ஊழியர்களும் இவற்றில் பங்கு கொள்கின்றனர். ஒவ்வொருவர் செய்ததையும் கணினி தானே எண்ணிக் காட்டுகிறது. அவ்வெண்ணைக் கொண்டு பரிசு வழங்குவோரும், மதிப்பெண் இடுவோரும், ஊழியரின் திறமையை அளப்போரும் உளர். ஆகவே அந்த எண் எவ்வாறு உண்டாகிறது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பவற்றை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

பதிவேடு அமையும் விதம்

முதலில் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். இக்கலைக்களஞ்சியம் 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றது. தமிழ்ப் பதிப்பு 2003ஆம் ஆண்டில் தோன்றியது. இதில் ஒருவர் ஒரு கட்டுரையைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு உண்டாகிறது. இதனைத் 'தொகுப்பு' என்பர். திருத்தியவரின் கணக்கு, திருத்திய நாளும் நேரமும், கட்டுரை எத்தனை பைட்டு கூடியது அல்லது குறைந்தது என்ற அளவு, திருத்தத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பு ஆகியவை அப்பதிவில் அடங்கும். பழைய வடிவமும் அழியாமல் இருக்கிறது. எனவே எந்த இரு வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். கட்டுரையின் 'வரலாறு' என்ற பக்கத்தைத் திறப்பவர் எவரும் இவற்றைக் காணலாம்.

2004ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் தேசப்படத்தில், ஒரு முறை அமர்ந்து வரைந்த மாற்றங்கள் யாவும் ஒரு கட்டாகப் பதிவாகின்றன. மென்பொருள் இயற்றுவோர் பெரும்பாலும் 'கிட்' என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். லினக்ஸ் என்னும் மென்பொருளின் பொருட்டு லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். இதில் ஒரு மாற்றத்தை எழுதியவர் பெயரும், அதனை ஏற்றுச் சேர்த்தவர் பெயரும் தனித்தனியே பதிவாகின்றன. லினக்ஸ் குழுவினர் ஒருபடி மேற்சென்று, குறையைத் தெரிவித்தவர், மாற்றத்தைச் சோதித்தவர், படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்தவர் ஆகியோரின் பெயர்களையும் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் குறிப்பிடும் வழக்கத்தைக் கொண்டுள்ளனர். ஒரே பணியில் பலவகை உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை உணர்ந்து அமைத்த பதிவேடு இது.

இப்பதிவேடுகள் முதன்மையாகப் பணியைக் காக்கும் பொருட்டு ஏற்பட்டவை. தவறு நுழைந்தால் அது எப்போது, யாரால் நுழைந்தது என்று கண்டுபிடித்துப் பழைய வடிவத்தை மீட்கலாம். ஒருவர் எழுதியதற்கு உரிய நன்றியை அவருக்கே செலுத்தலாம். தொண்டர்களை வரிசைப்படுத்துவது பின்னர் வந்த உபயோகமாகும். ஒரு நோக்கத்திற்காக வைத்த கணக்கை வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல்கள் தோன்றுகின்றன.

ஒரு தொகுப்பு எவ்வளவு உழைப்பு?

ஓர் ஆசிரியர் ஒரு வார காலம் நூல்களைப் படித்து, வீட்டிலேயே கட்டுரையை எழுதி முடித்து, ஒரே முறையில் சேமிக்கிறார் என்று கொள்வோம். அவர் கணக்கில் சேர்வது ஒரு தொகுப்பு. மற்றொருவர் ஒரு பத்தியை எழுதும்போது வரிக்கு வரி சேமிக்கிறார். அவர் கணக்கில் பத்துத் தொகுப்புகள் சேர்கின்றன. மூன்றாமவர் கட்டுரையில் இருந்த தவறான செய்தியை நீக்குகிறார். பைட்டு அளவில் பார்த்தால் அவருடைய பங்களிப்பு குறை எண்ணாகத் தோன்றும். ஆனால் படிப்பவருக்கு அவர் செய்த நன்மை மற்ற இருவர் செய்ததைவிடப் பெரிதாகவும் இருக்கக்கூடும்.

இவ்வேறுபாடு வெறும் கற்பனையன்று. ஆங்கில விக்கிப்பீடியாவின் நிறுவனருள் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், அதன் தொடக்க ஆண்டுகளில் தாம் எடுத்த கணக்கு ஒன்றை உரைகளில் கூறிவந்தார். தொகுப்புகளில் பாதிக்கு மேற்பட்டவற்றைச் செய்தவர்கள் 524 பேர் மட்டுமே என்றும், அவர்கள் மொத்தப் பயனர்களில் 0.7 சதவீதத்தினரே என்றும் அக்கணக்கு காட்டிற்று. இதிலிருந்து, ஒரு சிறு குழுவே கலைக்களஞ்சியத்தை எழுதுகிறது என்ற முடிவு ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர் இம்முடிவை வேறு வகையில் சோதித்தார். அவர் தொகுப்புகளை எண்ணவில்லை. சில கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் அன்றைய வடிவத்தில் நிலைத்திருக்கும் எழுத்துகளைச் சேர்த்தவர் யார் யார் என்று கணக்கிட்டார். அவர் ஆராய்ந்த கட்டுரைகளில் பொருட்செறிவான பகுதிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் மிகச் சில தொகுப்புகளே செய்த புதியவர்கள் என்பது புலனாயிற்று. ஆயிரக்கணக்கான தொகுப்புகளைச் செய்த பழந்தொண்டர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்தியும், அமைப்பைச் சீராக்கியும், பகுப்புகளில் சேர்த்தும் வந்தனர்.

இவ்விரு கணக்குகளும் ஒரே பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் பொய் இல்லை. முதற்கணக்கு பராமரிப்புப் பணியைக் காட்டிற்று. இரண்டாவது கணக்கு எழுதும் பணியைக் காட்டிற்று. முதலாவதை மட்டும் நம்பிப் புதியவர்களைப் புறக்கணித்திருந்தால் எழுதுவோர் குறைந்திருப்பர். இரண்டாவதை மட்டும் நம்பிப் பழந்தொண்டர்களைப் புறக்கணித்திருந்தால் கட்டுரைகள் சீர் குலைந்திருக்கும்.

2007ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தைச் சேர்ந்த அட்லர், டி அல்பாரோ என்னும் ஆராய்ச்சியாளர்கள் மற்றோர் அளவையை வகுத்தனர். ஒருவர் எழுதிய பகுதி, பிறர் பலமுறை திருத்திய பின்னும் எவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது என்பதைக் கொண்டு அவருடைய நம்பகத்தன்மையை மதிப்பிடுவதே இம்முறை. எண்ணிக்கையைவிட இது மேம்பட்டது. எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. எவரும் படிக்காத கட்டுரையில் உள்ள பிழையும் நீண்ட காலம் நிலைத்திருக்கக்கூடும்.

தானியங்கிகள் செய்யும் வேலை

எண்ணிக்கையைப் பெருக்குவதில் மனிதரைவிட யந்திரம் வல்லது. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்வெர்க்கர் யோஹான்சன் என்பவர் இயக்கிய தானியங்கி நிரல், உயிரினங்களையும் ஊர்களையும் பற்றிய தரவுத் தளங்களைப் படித்து லட்சக்கணக்கில் சிறு கட்டுரைகளை உண்டாக்கிற்று. இதன் விளைவாக, பிலிப்பைன்ஸ் நாட்டில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியா 60 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைப் பெற்று, எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த நிலையை அடைந்தது. அம்மொழியில் அன்றாடம் எழுதும் தொண்டர்களோ மிகச் சிலரே. கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அம்மொழி பேசுவோரின் அறிவுப் பணியை அளந்தால் முற்றிலும் தவறான முடிவே கிடைக்கும்.

இதனால் தானியங்கிகளின் தொகுப்புகளைத் தனியே பிரித்துக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. மனிதத் தொண்டர்களை அளப்பதற்கு விக்கிப்பீடியாவில் பொதுவாகப் பயன்படும் அலகு, ஒரு மாதத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொகுப்புகளைச் செய்தவர்களின் எண்ணிக்கையாகும். இவ்வலகின்படி ஆங்கில விக்கிப்பீடியாவின் தொண்டர் தொகை 2007ஆம் ஆண்டில் உச்சத்தை அடைந்து, பின்னர்ப் பல ஆண்டுகள் குறைந்து வந்தது.

குறைவுக்குரிய காரணத்தை ஹாபேக்கர் முதலிய நால்வர் ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தீய நோக்குடன் செய்யப்படும் திருத்தங்களைத் தடுப்பதற்காக அமைத்த கண்காணிப்புக் கருவிகளும் கடுமையான விதிகளும், நல்லெண்ணத்துடன் வந்த புதியவர்களையும் விரட்டின என்று அவர்கள் கண்டனர். முதல் திருத்தமே விளக்கம் இன்றி நீக்கப்பட்டபோது, புதியவர் மறுமுறை வரவில்லை. கண்காணிப்பாளர் எத்தனை தவறுகளைத் தடுத்தார் என்பது பதிவேட்டில் எண்ணாகத் தெரிந்தது. எத்தனை பேர் மனம் வருந்தி நின்றுவிட்டனர் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. பள்ளியில் மாணவரின் முதல் முயற்சியைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இச்செய்தியின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையே குறிக்கோளாகும்போது

ஓர் அளவையைக் குறிக்கோளாகக் கொண்டவுடன் அது அளவை என்ற தகுதியை இழக்கத் தொடங்குகிறது. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975ஆம் ஆண்டில் நாணயக் கொள்கையைப் பற்றிக் கூறிய கருத்திலிருந்து வளர்ந்த இவ்விதி, கூட்டுப் பணிகளுக்கும் பொருந்துவதாகும்.

மென்பொருள் துறையில் நடந்ததைப் பார்ப்போம். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஹாக்டோபர்பெஸ்ட் என்ற இயக்கம் நடத்தப்பட்டு வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாற்ற வேண்டுகோள்களை அனுப்புவோருக்கு டி-ஷர்ட் பரிசாக வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை நான்கு. பரிசை விரும்பிய பலர், ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு குறியை மாற்றுவது போன்ற பயனற்ற வேண்டுகோள்களைக் குவித்தனர். அவற்றைப் படித்து நிராகரிக்கும் சுமை ஊதியமின்றி உழைக்கும் பராமரிப்பாளர்கள் மீது விழுந்தது. பங்கு கொள்ள விரும்பும் திட்டங்கள் தாமே முன்வந்து இசைவு தெரிவித்தாலன்றி அவற்றுக்கு அனுப்பும் வேண்டுகோள்கள் கணக்கில் சேரா என்று அம்மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

மற்றொரு நிகழ்ச்சி ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் நேர்ந்தது. அம்மொழியை அறியாத ஓர் இளைஞர், ஆங்கிலச் சொற்களுக்கு அகராதியைப் பார்த்து மாற்றுச் சொற்களை இட்டு, பல ஆண்டுகளில் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதியிருந்தார் என்பது 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். எண்ணிக்கையில் முதல்வராக இருந்தமையால் நிருவாகப் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய எழுத்தை மொழியறிந்தோர் எவரும் உரிய காலத்தில் படித்துப் பார்த்துச் சொல்லவில்லை. சிறுபான்மை மொழி ஒன்றின் எழுத்து வடிவத்தைப் பற்றி உலகமே தவறான கருத்தைக் கொள்ளும் நிலை அதனால் உண்டாயிற்று.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிப்பட்ட செய்தி இதனினும் கவலைக்குரியது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருள், லினக்ஸ் இயங்கும் கணினிகளில் பரவலாக இடம்பெற்றிருப்பது. அதனைப் பேணிவந்தவர் பெரும்பாலும் ஒருவரே. புனைபெயர் என்று கருதப்படும் ஒரு கணக்கிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பயனுள்ள மாற்றங்கள் பொறுமையுடன் அனுப்பப்பட்டன. நம்பிக்கை வளர்ந்து, அக்கணக்குக்குப் பராமரிப்புப் பொறுப்பும் அளிக்கப்பட்டது. பின்னர், பிறர் கணினிக்குள் நுழைய வழிசெய்யும் ஒரு மறைவாயில் அம்மென்பொருளின் புதிய வெளியீட்டில் சேர்க்கப்பட்டது. ஆண்ட்ரஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் ஒரு செயல் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாக நிகழ்வதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்தமையால் அது பெருமளவில் பரவுமுன் வெளிப்பட்டது. நீண்ட, ஒழுங்கான பங்களிப்பு வரலாறு அடுத்த பங்களிப்புக்கு உறுதிமொழி ஆகாது. ஒவ்வொன்றையும் அதனதன் தகுதியைக் கொண்டே சோதித்தல் வேண்டும். ஒரே மனிதர் மீது பெரும்பணி சுமந்திருந்தது என்ற உண்மையையும் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள் முன்னரே கண்டு துணை செய்திருக்கலாம்.

பறவைக் கணக்கில் முயற்சியின் இடம்

இனி, கள ஊழியர்களுக்கும் பள்ளிகளுக்கும் நேரடித் தொடர்புடைய ஒரு துறையைக் காண்போம். ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவேட்டை அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002ஆம் ஆண்டில் தொடங்கின. நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கானோர் இதில் தம் பட்டியல்களைச் சேர்க்கின்றனர். இதில் பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதினால் மட்டும் போதாது. எத்தனை மணிக்குத் தொடங்கினார், எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம் நடந்தார், உடன் இருந்தோர் எத்தனை பேர், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினாரா என்பவற்றையும் தெரிவிக்க வேண்டும். அதாவது, கண்ட பொருளோடு காண்பதற்குச் செய்த முயற்சியும் பதிவாகிறது.

இதன் தேவையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு மாவட்டத்தில் ஓர் ஆண்டில் 100 முழுப் பட்டியல்கள் அளிக்கப்பட்டன என்றும், அவற்றுள் 30 பட்டியல்களில் சிட்டுக்குருவி இருந்தது என்றும் கொள்வோம். பத்து ஆண்டுகளுக்குப் பின் 1,000 பட்டியல்கள் அளிக்கப்பட்டு, 200 பட்டியல்களில் சிட்டுக்குருவி இருந்தது என்று கொள்வோம். பதிவுகளை மட்டும் எண்ணுவோர், சிட்டுக்குருவி 30இலிருந்து 200ஆகப் பெருகிவிட்டது என்று மகிழ்வர். உண்மையில் அது காணப்பட்ட விகிதம் 30 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பெருகியது பார்ப்போரின் தொகையே. முயற்சியைப் பதிவு செய்யாதிருந்தால் இவ்வுண்மை மறைந்து, குறைந்துவரும் ஓர் உயிரினத்தைக் காக்கும் தருணமும் தவறிப்போகும். பட்டியலில் ஒரு பறவை இல்லாமையும் ஒரு செய்தியாகும். ஆனால் பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அது செய்தியாகும்.

2023ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை இவ்வகைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. 30,000க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த சுமார் 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 பறவை இனங்களின் நிலை அதில் மதிப்பிடப்பட்டது. தொண்டர்கள் தம் முயற்சியை நேர்மையுடன் எழுதியமையால்தான் அத்தகைய மதிப்பீடு சாத்தியமாயிற்று.

மற்றொரு குறைபாட்டையும் மனத்திற் கொள்ள வேண்டும். தொண்டர்கள் தம் வீட்டின் அருகிலும், சாலையோரத்திலும், பெயர் பெற்ற ஏரிகளிலும் மிகுதியாகப் பார்க்கின்றனர். பதிவுகள் செறிந்த இடத்தைப் பறவைகள் செறிந்த இடம் என்று கொள்வது பிழையாகும். இக்குறையைத் தவிர்ப்பதற்குக் கேரளத்தின் தொண்டர்கள் 2015 முதல் 2020 வரை ஒரு வழியைக் கையாண்டனர். மாநிலத்தைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, அவற்றுள் ஆய்வுக்கு உரியவற்றை முறைப்படி தேர்ந்தெடுத்து, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் ஒரே அளவான முயற்சியுடன் பறவைகளைப் பதிவு செய்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இதில் பங்கு கொண்டு, சுமார் 25,000 பட்டியல்களை அளித்தனர். எவர் மிகுதியாகப் பட்டியல் அளித்தார் என்ற கேள்விக்குப் பதிலாக, எந்தக் கட்டம் இன்னும் பார்க்கப்படவில்லை என்ற கேள்வியே அங்கு பணியை நடத்திற்று. தொண்டர் செயலைக் கணக்கிடுவதில் சிறந்த உபயோகம் இதுவேயாகும்.

பதிவேடு வெளிப்படுத்தும் தனிச்செய்திகள்

தொண்டரின் செயற்பதிவு அவரைப் பற்றிய பல செய்திகளையும் வெளியிடுகிறது. நாள்தோறும் எந்நேரத்தில் அவர் கணினி முன் இருக்கிறார், எந்த ஊரில் நடமாடுகிறார், எவ்விஷயங்களில் நாட்டம் உடையவர் என்பவற்றை அதிலிருந்து ஊகிக்கலாம். 2007ஆம் ஆண்டில் வர்ஜில் கிரிபித் என்பவர், விக்கிப்பீடியாவில் பெயரின்றிச் செய்யப்பட்ட திருத்தங்களின் இணைய முகவரிகளை நிறுவனங்களின் முகவரிகளோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவி ஒன்றை வெளியிட்டார். சில நிறுவனங்களின் கணினிகளிலிருந்தே அவற்றைப் பற்றிய கட்டுரைகள் திருத்தப்பட்டமை அதனால் தெரிய வந்தது. பொது நன்மைக்குப் பயன்பட்ட அதே வழியால் ஒரு பள்ளி மாணவியின் வீடு இருக்கும் தெருவையும் ஒருவர் அறிந்துகொள்ளக்கூடும்.

எனவே மாணவர்களை இப்பணிகளில் ஈடுபடுத்தும் ஆசிரியர்கள், பள்ளிக்கென ஒரு பொது இடத்தை வகுத்து அங்கிருந்தே பதிவு செய்யச் செய்தல் நலம். மாணவரின் முழுப் பெயரும் வீட்டின் இருப்பிடமும் பொதுப் பக்கத்தில் வராமல் காக்க வேண்டும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களைப் பற்றிய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும். களத்தில் பணிபுரிவோர், வேட்டைக்கு இலக்காகும் அரிய உயிரினங்களின் துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிடலாகாது. ஈபேர்ட் போன்ற பதிவேடுகள் இத்தகைய இனங்களின் இருப்பிடத்தைத் தாமே மறைத்துக் காட்டுகின்றன.

நடைமுறைக்குரிய சில குறிப்புகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து பள்ளிகளிலும் களத்திலும் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, எதன் பொருட்டுக் கணக்கிடுகிறோம் என்பதை முன்னரே தீர்மானித்தல் வேண்டும். வேலை தொய்வின்றி நடைபெறுகிறதா என்று அறிவதற்கு மாதந்தோறும் பங்கு கொண்டோரின் தொகை போதும். வேலையின் தரத்தை அறிவதற்கு அது போதாது. அதற்குச் சில பதிவுகளை எடுத்துப் படித்தே பார்க்க வேண்டும். நூறு பதிவுகளில் பத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, துறையறிந்தவர் ஒருவரைக் கொண்டு சரிபார்ப்பது எந்தப் பள்ளியிலும் இயலக்கூடியதே.

இரண்டாவதாக, உழைப்பை வகைப்படுத்திக் குறித்தல் வேண்டும். எழுதியவர், சரிபார்த்தவர், பிழை கண்டு சொன்னவர், புதியவருக்குக் கற்பித்தவர் என்று தனித்தனிக் கட்டங்கள் அமைத்தால், எண்ணிக்கையில் வாராத உழைப்பும் மதிப்புப் பெறும். லினக்ஸ் குழுவின் வழக்கம் இதற்கு முன்மாதிரியாகும்.

மூன்றாவதாக, முயற்சியைப் பதிவு செய்யாமல் விளைவை மட்டும் பதிவு செய்யலாகாது. ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற பதிவும் முழு மதிப்புடைய பதிவே. இதற்குப் பாராட்டு இல்லை என்றால், இல்லாததை இருப்பதாக எழுதும் ஆசை மெல்ல நுழையும். பூச்சித் தாக்குதலையோ நோயையோ பதிவு செய்யும் ஊழியர்களுக்கும் இது பொருந்தும்.

நான்காவதாக, மிகுதியாகப் பங்களிப்போரைப் பாராட்டும்போதே அவர்களுடைய பணியையும் சோதித்தல் வேண்டும். அது அவர்களை அவமதிப்பது ஆகாது. ஸ்காட்ஸ் மொழியில் எழுதிய இளைஞருக்குத் தொடக்கத்திலேயே ஒருவர் அன்புடன் எடுத்துச் சொல்லியிருந்தால், அவருடைய பல ஆண்டு உழைப்பு வீணாகியிராது.

ஐந்தாவதாக, புதியவரின் பதிவை நீக்க நேர்ந்தால் காரணத்தை எழுதி, சரியான முறையையும் காட்டுதல் வேண்டும். ஒருவருடைய பதிவுகள் திடீரென நின்றுபோனால், கணக்கிலிருந்து பெயரை அகற்றுமுன் அவரை விசாரித்தல் நன்று. உடல்நலக் குறைவோ, கருவியின் பழுதோ, மனவருத்தமோ காரணமாக இருக்கலாம். பதிவேடு இதனை நமக்கு உணர்த்தும். விசாரிக்க வேண்டியவர் மேற்பார்வையாளரே.

நெடுங்காலம் தொடரும் பொதுப் பணிகளில், தம் பெயர் எங்கும் தோன்றாமல் உழைப்போர் எப்போதும் இருந்து வந்திருக்கின்றனர். பட்டியலைச் சரிபார்க்கும் தொண்டரும், மாணவர்க்குப் பறவைகளை இனங்காணக் கற்பிக்கும் ஆசிரியரும், ஆட்கள் செல்லாத கட்டத்துக்கு நடந்துசென்று வெறும் பட்டியலோடு திரும்பும் ஊழியரும் அவ்வினத்தைச் சேர்ந்தோர். ஆண்டு இறுதியில் கணினி தரும் வரிசையைப் பார்த்த பின், அதில் இடம்பெறாத இத்தகையோர் தம் குழுவில் யார் யார் என்று பொறுப்பாளர் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பாராயின், அடுத்த ஆண்டின் பணிக்கு அதுவே பயனுள்ள தொடக்கமாக அமையும்.